வளைந்த அம்பு

மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, "எனக்கு வேலை இருக்கு" என்று பாண்டிச்செல்வி எழுந்து போனாள். "அப்ப அந்த வேலையோடயே இரு" என்றான் அண்ணன் ராஜமுருகன். அவளும் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு பூண்டியிலிருந்து பஸ் ஏறி, கொடைக்கானலில் ஒற்றை அறை பிடித்துக் குடியேறிவிட்டாள். ஒரு மாதம் ஓடிவிட்டது. அண்ணனும் தங்கையும் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவில் முருகேஸ்வரி என்றொரு தபால் ஆபீஸ் இருக்கிறாள். ராஜமுருகனின் மனைவி. "சாப்பிட்டாளான்னு கேளு" என்று ஒரு பக்கம், "சாப்பிட்டேன்னு சொல்லுங்க மதினி" என்று மறுபக்கம். இரண்டு ரோஷக்காரர்களுக்கு நடுவில் அவளுடைய போனுக்குத்தான் சார்ஜ் நிற்பதில்லை.

ராஜமுருகன் காய்கறி வேன் ஓட்டுகிறான். கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வத்தலக்குண்டு போய் வருவது அன்றாடச் சோலி. தங்கையோடு பேச மாட்டானே தவிர, தங்கை வேலை பார்க்கும் கம்பெனியின் 'மலைப்பாதை' ஆப்பை வேன் ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தது இவன்தான். மலைச்சாலையில் எங்கே கல் விழுந்தது, எங்கே மரம் சாய்ந்தது என்று காட்டுகிற ஆப். "எந்தங்கச்சி செஞ்சது, நம்பிப் போடுங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினான். தங்கையிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கிரீடம் இறங்கிவிடும் பாருங்கள்.

அந்த நம்பிக்கைக்குத்தான் இன்று காலையில் வேட்டு விழுந்தது.

பாண்டிச்செல்வி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முருகேஸ்வரியின் போன் வந்தது.

"செல்வி, ஒன் ஆப்புல என்னத்தச் செஞ்சு வச்ச?"

"ஏன் மதினி?"

"ஒங்கண்ணன் வெள்ளனே லோடோட கெளம்புனாரு. பெருமாள்மலை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து நிக்கிறாரு. பின்னாடி போன வண்டி பூராத் திரும்பிருச்சு. ரோட்டுல கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. காய் பூரா ஸ்டாண்டுல கெடக்கு."

"அப்ப ஏன் திரும்புனாரு?"

"ஒன் ஆப்புதான் திரும்பச் சொல்லுச்சாம்."

பாண்டிச்செல்வி வாயைக் கொப்பளித்துவிட்டு யோசித்தாள். ஆப் யாரையும் திரும்பச் சொல்லாது. சாலை சரியில்லை என்றால் சிவப்புக் கோடு காட்டும், அவ்வளவுதான். நேற்று அவர்கள் அனுப்பியது வேறு ஒன்று. டிரைவர்கள் யாரும் ஆப்பைத் தாங்களாகப் புதுப்பிப்பதில்லை. அதனால் அதைத் தானாகவே புதுப்பிக்கிற ஒரு சின்ன அப்டேட்டரை அவள் கம்பெனி செய்திருந்தது. புது அப்டேட் வந்தால் போனின் உச்சியில் ஒரு ஐகான் தெரியும். அந்த ஐகானை வரைந்தது பாண்டிச்செல்வி. நீல நிறத்தில், வளைந்து திரும்பும் ஓர் அம்பு.

"மேல ஒரு அம்பு வந்துச்சா மதினி? வளைஞ்ச மாதிரி?"

"அதான். அந்த அம்பு வந்தா திரும்புன்னுதான அர்த்தம்? ரெண்டு மழைக்காலமா இவுக வாட்ஸ்அப் குரூப்புல அப்படித்தான். வண்டி ஓட்டுறப்ப டைப் பண்ண முடியாதுன்னு, கல்லு விழுந்தா அந்த அம்ப மட்டும் போடுவாக. பாக்குறவுக அங்கனயே திருப்பிருவாக. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது மதினி."

"ஒங்கண்ணன்ட்ட கேட்டிருந்தாச் சொல்லிருப்பாரு."

பாண்டிச்செல்வி பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள்.

"இன்னும் கேளு. இவரு திரும்புனதோட விட்டாரா? ஒன் ஆப்ப நம்பி, தானும் குரூப்புல அந்த அம்பப் போட்டுட்டாரு. கல்லக் கண்ணால பாக்காமப் போட்டுட்டாரு செல்வி."

ஸ்டாண்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல்லைத் தன் கண்ணால் பார்த்தவன்தான் அம்பு போடலாம். அடுத்தவன் சொன்னான் என்று போடக் கூடாது. பொய் அம்பு போட்டவனை ஒரு மாதம் குரூப்பிலிருந்து நீக்குவார்கள். வண்டி வரிசையிலும் அவனுக்குக் கடைசி இடம்தான். ஒரு பொய் அம்பு விழுந்தால் அடுத்த நிஜ அம்பை எவன் மதிப்பான் என்பது அவர்கள் கணக்கு. அது நியாயமான கணக்கும்கூட.

ஆபீஸ் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. மொத்தம் நாலு பேர். முதலாளி ஃபெமினா, இதே ஊரில் பிறந்து, பெங்களூரில் ஆறேழு வருடம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பி வந்தவள். பாண்டிச்செல்வி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"வேர்ல்டு பூரா அப்டேட்டுக்கு இந்த ஐகான்தான் செல்வி. நீ போட்டது தப்பே இல்ல."

"வேர்ல்டு பூரா கொண்டை ஊசி வளைவு கெடையாதுக்கா."

ஃபெமினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஸ்டாண்டுக்குப் போன் போட்டுப் பேசி முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

"என்ன சொல்றாங்கக்கா?"

"கோவம் கூட இல்ல. 'இனிமே அம்பு வந்தாக் கண்டுக்காதீங்கப்பா, அது ஆப்புப் படம்'னு எல்லாருக்கும் சொல்லிட்டாங்களாம்."

பாண்டிச்செல்வி ஜன்னலைப் பார்த்தாள். ஏரிப் பக்கம் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாக இப்படித்தான், சாயங்காலமானால் ஊற்றுகிறது. மழை ஊற்றினால் எங்காவது கல் உருளும். கல் உருண்டால் எவனாவது அம்பு போடுவான். போடுகிற அம்பை இன்றைக்கு ஒருவரும் நம்பப் போவதில்லை.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள அந்த அம்ப எல்லாப் போன்லயும் எடுக்கணும். இல்லன்னா நெசமாக் கல்லு விழுந்தாலும் அதுமேலயே போயி ஏறுவாங்க."

"எடுத்துட்டு என்ன வைப்ப?"

"தெரியல. இந்தத் தடவை கேட்டுட்டு வைக்கிறேன்."

வெள்ளைத் தாளில் மார்க்கரால் நாலு படம் வரைந்து எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனாள்.

ஸ்டாண்டில் வேன்கள் மூட்டைகளோடு நின்றன. காலைச் சந்தை போய்விட்டது. இனி கீழே மண்டியில் இடம் காலியாகக் காலியாக, மேலிருந்து ஒவ்வொரு வண்டியாக அனுப்ப வேண்டும். டிரைவர்கள் லீலாவின் டீக்கடை முன்னால் கும்பலாக நின்றார்கள். ராஜமுருகன் மட்டும் தன் வண்டியில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான். இறுகிய கயிற்றையே மறுபடி மறுபடி இறுக்கினான்.

ஸ்டாண்டுத் தலைவர் தண்டாயுதபாணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடாத மனிதர். அதனாலேயே அவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"ராஜமுருகா, ஒரே கேள்வி. ஆப்பு தப்பாச் சொல்லுச்சா, நீ தப்பாப் போட்டியா? ஆப்புன்னு சொன்னா, இப்பவே எல்லாப் போன்லருந்தும் எடுத்துருவோம். ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல."

ராஜமுருகன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான். கும்பலுக்குப் பின்னால் தாள்களோடு நிற்கும் தங்கையைப் பார்த்தான். பிறகு பார்க்காத மாதிரி தலைவரிடம் சொன்னான்.

"நாந்தான் பாக்காமப் போட்டேன்."

"அப்ப ஒரு மாசம் கடைசி. குரூப்புலயும் கெடையாது."

"சரிண்ணே."

 பாண்டிச்செல்வி கும்பலை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தலைவரண்ணே, தப்பு என்னுது. அந்தப் படத்தப் போட்டது நானு."

ராஜமுருகன் பக்கத்தில் நின்ற டிரைவர் ராமரைக் கூப்பிட்டான். முருகேஸ்வரி பூண்டியில் இருப்பதால் தபால் வேலை இப்போது ராமர் தலையில்.

"ஏலே ராமரு, வந்த வேலையப் பாக்கச் சொல்லு அந்தப் புள்ளைய."

ராமர் இரண்டடி தள்ளி நின்ற அவளிடம் திரும்பினான். "தங்கச்சி, வந்த வேலையப் பாக்கச் சொல்றாரு."

"கேட்டுச்சுண்ணே."

அவள் தாள்களைப் பிரித்தாள். இது என்ன என்று சொல்லவில்லை. இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று மட்டும் கேட்டாள்.

முதல் படம், கீழ்நோக்கிய அம்பு. "எறக்கம்" என்றான் ராமர். "செகண்டு கியர் போடணும்."

இரண்டாவது, ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அம்புகள். "ரவுண்டானா. கீழ போனாத்தான் வரும்."

மூன்றாவது, பல்சக்கரம். "வொர்க் ஷாப்பு." "யாருக்கோ வண்டி படுத்துருச்சு." "கிரௌன் வீல் பல்லு போச்சு."

நாலாவது கூட்டல் குறி. எல்லாரும் ஒரே குரலில் ஆஸ்பத்திரி என்றார்கள். ஒருவன் மட்டும் மெடிக்கல் ஷாப் என்றான். அவனுக்கு மற்றவர்கள் ஆஸ்பத்திரிதான் என்று விளக்கம் சொன்னார்கள்.

தாள்களை மடித்தாள். இந்த மலையில் எந்த அம்பை வரைந்தாலும் அது சாலையில்தான் போய் நிற்கும் என்று அவளுக்குப் புரிந்தது. மணிக்கணக்காக வளைவையும் போர்டையும் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? நாலு படமும் குப்பைக்குத்தான்.

"டீ குடி புள்ள, மொகம் வாடிக் கெடக்கு" என்று லீலா கிளாஸை நீட்டினாள். நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "பாரேன், காலையில இருந்த அமளியில தேதி கூடக் கிழிக்கல." எட்டி, காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தாள். அடியில் இன்றைய தாள் புதிதாக இருந்தது.

பாண்டிச்செல்வி டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளின் பின்பக்கத்தில் வரைந்தாள். ஒரு போன். அதன் திரை, நாள்காட்டித் தாள் மாதிரி ஒரு மூலையில் மேலே எழும்புகிறது. அடியில் வெள்ளையாகப் புதுத் திரை.

"இது என்னண்ணே?"

ராமர் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "போன்ல தேதி கிழிக்கிறாக."

"கிழிச்சா?"

"புதுசு வரும். வேறென்ன வரும்?"

"ரோட்டப் பத்தி ஏதாச்சும் தோணுதா?"

"ரோடா? இதுல ரோடு எங்க இருக்கு?"

கும்பல் முழுக்கக் கைமாறிப் போனது தாள். பழசு போய்ப் புதுசு வருது என்றார்கள். போனுக்கு ஏதோ புதுசு என்றார்கள். ஒருவன் ரீசார்ஜ் என்றான். கடைசியில் தாள் ராஜமுருகனிடம் போனது. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ராமரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"இதக் கண்டு எவனும் வண்டியத் திருப்ப மாட்டான்னு சொல்லு."

ராமர் வாயைத் திறப்பதற்குள் அவள் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தாளில் உள்ளங்கை அளவு இருந்த படம், போனில் பொட்டு அளவு ஆனதும் கந்தல் துணி மாதிரி தெரிந்தது. காலண்டரின் ஆணி, தேதி, நிழல் என்று அவள் ஆசையாகப் போட்டதெல்லாம் சேர்ந்து குழம்பிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்தாள். மனசில்லாமல்தான் எடுத்தாள். கடைசியில் தடித்த கோட்டில் ஒரு போனும், எழும்பிய ஒரு மூலையும் மட்டும் மிஞ்சின.

"கலர்?" என்றாள் ஃபெமினா.

"செவப்பு, மஞ்ச, பச்ச மூணும் வேண்டாம்க்கா. மூணும் ரோட்டுக்கு எழுதி வச்சாச்சு."

"ப்ளூவும் காலையில மாட்டிக்கிச்சு."

"அப்ப வெள்ளையே இருக்கட்டும்."

ஃபெமினா போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். கையை நீட்டி, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பக்கத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் மனைவியிடம் காட்டினாள். அந்த அம்மா, "காலண்டரா?" என்று கேட்டார். அது போதும் என்று இறங்கி வந்தாள்.

அனுப்பினார்கள்.

சிக்னல் கிடைக்கிற இடத்தில்தான் போன்கள் அதை வாங்கும். எத்தனை போனில் பழைய அம்பு போய்விட்டது என்று திரையில் தெரிந்தது. வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்த வண்டிகள் முதலில் மாறின. பிறகு ஊத்து, பெருமாள்மலை, பிறகு பேத்துப்பாறைப் பக்கம் நின்ற சில. மாறாதவை சில வழியில் இருந்தன. ஃபெமினா டீ வரவழைத்தாள். பாண்டிச்செல்வி நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

மழை பிடித்துக்கொண்டது.

ஸ்டாண்டு வண்டிகள் கீழே லோடு இறக்கிவிட்டுக் காலியாக மலையேறித் திரும்பும் நேரம் அது. எதிரே மலை இறங்கியது ஒரே ஒரு வண்டி. வரிசையில் கடைசியாக நின்றவன் வண்டி. ஆப்பின் வரைபடத்தில் அது ஒரு புள்ளியாக டம்டம் பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவளுடைய போன் அதிர்ந்தது. பெயர் 'அண்ணன்'. ஒரு மாதத்தில் முதல் செய்தி. எடுத்துப் பார்த்தாள்.

ஒரு வளைந்த அம்பு. வேறொன்றும் இல்லை.

குரூப்பில் இடம் இல்லாதவன் வேறு யாருக்குப் போடுவான்?

"அக்கா, ஆப்புல டம்டம் பாறை ரோட்ட மூடணும்."

ஃபெமினா வந்து செய்தியைப் பார்த்தாள். "ரெண்டு பேர் கன்ஃபர்ம் பண்ணாம நாம மூடுறதில்ல. இரு, செக்போஸ்ட்டுக்குப் போன் பண்றேன்." போட்டாள். மறுபடி போட்டாள். லைன் போகவில்லை.

"ஏறி வர்ற வண்டியெல்லாம் இன்னும் டம்டம் பாறைக்குக் கீழதான் இருக்குக்கா. இப்ப மூடுனா நிறுத்தலாம்."

"செல்வி, காலையில நடந்தது போதாதா? இதுவும் பொய்யாப் போச்சுன்னா ஆப்பையே மூட வேண்டியதுதான். அவர் நெசமாப் பாத்தாரான்னு உனக்குத் தெரியுமா?"

"காலையில எம் படத்தப் பாத்துட்டு, கல்லப் பாக்காமத் திரும்புனாரு. இப்ப நானும் பாக்காமப் போடுறேன்."

ஃபெமினா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளி வழிவிட்டாள். பாண்டிச்செல்வி அழுத்தினாள். டம்டம் பாறையில் சிவப்புக் கோடு விழுந்தது.

தண்டாயுதபாணியின் போன் உடனே வந்தது.

"பாப்பா, டம்டம் பாறையில செகப்பு காட்டுது. இது நெசமா, இல்ல காலையில மாதிரி அப்டேட்டா?"

"அப்டேட்டுக்கு இப்ப வேற படம்ணே. ஒங்க போன்லயே மேல இருக்கும், பாருங்க."

அவர் போனைக் காதிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"ஆமா, காலண்டர் இருக்கு. கல்ல யாரு பாத்தது?"

"எங்கண்ணன். எனக்கு அம்பு போட்டாரு. நீங்க குரூப்புலருந்து எடுத்துட்டீங்கள்ல, அதான்."

அவர் அடுத்துக் கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"பாக்காமப் போட மாட்டாருண்ணே" என்றாள். "வேற என்னைக்கு வேணாலும் போடுவாரு. இன்னைக்குப் போட மாட்டாரு."

"வையி" என்றார் தண்டாயுதபாணி.

அவரே குரூப்பில் அம்பைப் போட்டார். அதற்குக் கீழே 'ராஜமுருகன் பாத்தது' என்று எழுதினார். சற்று நேரத்தில் ஏறி வந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக நின்றன. ராமரின் புள்ளி கடைசியாக நின்றது. ஒருவர்கூட இது ஆப்புப் படமா என்று கேட்கவில்லை. ஃபெமினா கண்ணை மூடி, கழுத்துச் சிலுவையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பாண்டிச்செல்வி அண்ணனுக்குப் போன் போட்டாள். நடுவில் ஆள் இல்லாமல், நேராக, அவளே போட்டாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்த முறை அடிக்கவே இல்லை.

திரையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்புக் கோட்டின் மேலேயே நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். முருகேஸ்வரி.

"செல்வி, ஒங்கண்ணன் போனு எடுக்க மாட்டேங்குது. இங்க மழை வெளுத்து வாங்குது. ஒனக்கு ஏதும் சொன்னாராடி?"

"சொன்னாரு மதினி."

"நெசமாவா? ஒன்ட்ட நேராப் பேசிட்டாரா? என்ன சொன்னாரு?"

பாண்டிச்செல்வி அந்த அம்பைப் பார்த்தாள். குரல் உடைந்தது. மறைக்கவில்லை.

"எல்லாரையும் திரும்பச் சொல்லிட்டாரு மதினி. அவரு திரும்புனாரான்னுதான் தெரியல."